பிள்ளைகளோடு சமைப்போம், பிள்ளைகள் தலையில் சுமத்த வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

மைக் சரியாகக் கேட்கலைன்னா கையைத் தூக்குங்க.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பிள்ளைகளும் சத்தான உணவும்’. எதில் என்ன சத்து என்று சொல்ல அங்கன்வாடி அம்மாவும் செவிலியரும் இருக்காங்க, என்னைவிட நல்லாச் சொல்வாங்க. நான் கேட்க வந்தது வேற. நம்ம வீட்டில் சோறு வேகும்போது பிள்ளை எங்கே இருக்குது? பாதி வீட்டில் செல்போனோட திண்ணையில் இருக்குது. சில வீட்டில் அடுப்புக்கு முன்னாடி தன்னந்தனியா நிக்குது, அதுவும் பொம்பளப்பிள்ளையா இருக்குது. இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கு. அம்மா பக்கத்திலேயே, கையில் ஒரு சின்ன வேலையோட, வாயில் ஒரு கேள்வியோட பிள்ளை உட்காருற இடம். அதைப் பற்றித்தான் பேசப்போறேன்.

நான் எங்க ஊர் தொடக்கப் பள்ளியில் காலை உணவு சமைக்கிற மூணு பேரில் ஒருத்தி. அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் ஆரம்பிச்சது. 2023 ஆகஸ்ட் 25-ல் இருந்து நம்ம ஊர்ப் பள்ளி மாதிரி எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைக்கிற பொறுப்பைக் குழுப் பெண்களிடம் கொடுத்தாங்க. ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். எங்க பள்ளியில் 62 பிள்ளைகள். 62-ஐ 50-ஆல் பெருக்கினால் 3 கிலோ 100 கிராம். 62-ஐ 15-ஆல் பெருக்கினால் 930 கிராம் பருப்பு. எட்டாவதோட படிப்பை நிறுத்தினவள் நான். இந்தக் கணக்கை இப்போ தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அடுப்படிதான் எனக்கு அந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டைத் திரும்பக் கொடுத்தது.

அங்கே தினமும் ஒண்ணு பார்க்கிறேன். கிச்சடியில் இருக்கிற கேரட், பீன்ஸ் எல்லாம் தட்டு ஓரத்தில் அழகா வரிசையா ஒதுங்கி நிக்கும். சில பிள்ளைகள் மட்டும் துடைச்ச மாதிரி சாப்பிடும். விசாரிச்சா, அதில் பல பிள்ளைகள் வீட்டில் காய் நறுக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ற பிள்ளைகள். இதை ஆராய்ச்சின்னு சொல்ல மாட்டேன், நான் கண்ணால் பார்த்தது. ஒண்ணையும் சொல்லிடறேன்: பள்ளிச் சமையலறைக்குள்ளே பிள்ளைகளை விடறதில்லை, விடவும் கூடாது. நான் பேசறதெல்லாம் வீட்டு அடுப்படி.

முதல்ல அளவைப் பற்றிச் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது.

என் பேத்தி நாலாவது படிக்கிறா. அரை பெரிசா, கால் பெரிசான்னு வாயால் கேட்டா சரியாச் சொல்வா. நோட்டில் 1/2, 1/4 என்று எழுதிக் கேட்டா, ரெண்டை விட நாலு பெரிசுதானே, அதனால 1/4-தான் பெரிசுன்னு சொல்வா. எங்க வீட்டுப் பரணில் என் மாமியாரோட பழைய படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் கிடந்தது. இறக்கித் துடைச்சு, ஒரு படி ராகியை முறத்தில் கொட்டி, அவ கையில் ஆழாக்கைக் கொடுத்தேன். எத்தனை ஆழாக்குன்னு எண்ணச் சொன்னேன். எட்டு வந்தது. அப்புறம் ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. உரின்னா அரைப்படி, உழக்குன்னா கால்படி, ஆழாக்குன்னா அரைக்கால் படி. காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒண்ணு. நாலையும் வரிசையா வெச்சுட்டு, ஒவ்வொண்ணுக்கும் கீழே சாக்பீஸில் 1, 1/2, 1/4, 1/8 என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தவ, “ஆயா, கீழ நம்பர் பெரிசாக ஆக, பாத்திரம் சின்னதாவுது”ன்னா. அவ்வளவுதான். நான் ஒண்ணும் சொல்லித் தரலை, பாத்திரம் சொல்லிக் கொடுத்தது.

படி, ஆழாக்கு இல்லாத வீட்டில் டம்ளர் போதும். ஒரு டம்ளர் அரிசிக்கு ரெண்டரை டம்ளர் தண்ணின்னா, மூணு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு? விருந்தாளி வந்துட்டாங்க, நாலு பேருக்கு வெச்ச சாம்பார் ஆறு பேருக்கு ஆகணும், பருப்பு எவ்வளவு கூட்டறது? நாம மனசுக்குள்ளேயே போட்டுட்டுப் போற கணக்கு இதெல்லாம். அதை வாய்விட்டுப் போட்டால் போதும், பிள்ளை காதில் விழும். சாப்பாட்டு வேளையில் நிறையப் பேர் “பேசாம இரு, வேலையா இருக்கேன்”னு சொல்றோம். வேலையா இருக்கும்போதுதான் பேசணும்.

அடுத்தது சந்தை. போன மாசம் எங்க குழுவில் ஒரு தங்கச்சி, அஞ்சாவது படிக்கிற மகனை வாரச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போய், 150 ரூபாயை அவன் கையிலேயே கொடுத்து, மூணு நாளைக்குக் காய் வாங்கச் சொன்னாங்க. பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விலையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வாரம் கொட்டிக் கிடக்கும், இன்னொரு வாரம் கண்ணில் ஒத்திக்கிற விலை. அன்னைக்கு விலை ஏறியிருந்தது. பையன் அரைக் கிலோவுக்கு மேல் வாங்க மாட்டேன்னுட்டான். “புளி இருக்குல்ல வீட்ல?”ன்னு கேட்டிருக்கான். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கலை.

அவனே திரும்பி வரும்போது கடையில் தொங்கின பாக்கெட்டைக் கேட்டான். வாங்கிக் கொடுத்தாங்க. ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் படிக்க வெச்சாங்க. விலை 10 ரூபாய், எடை 20 கிராம். அப்போ கிலோ என்ன விலை? 20 கிராம் 10 ரூபாய்னா 100 கிராம் 50, ஒரு கிலோ 500 ரூபாய். நிலக்கடலை கிலோ என்ன விலைன்னு அவனுக்கு அப்பத்தான் சந்தையில் கேட்டு வந்தது. இன்னொண்ணும் சொல்லிக் கொடுக்கலாம். பாக்கெட்டில் சேர்மானப் பொருள்களை எழுதும்போது எது அதிகமோ அதை முதலில் எழுதணும்னு சட்டம் இருக்கு. முதல் பேர் மைதா, ரெண்டாவது பேர் எண்ணெய், மூணாவது சர்க்கரைன்னா அதுக்குள்ளே என்ன இருக்குன்னு பிள்ளைக்கே தெரிஞ்சுடும். “கெட்டது, தின்னாதே”ன்னு நாம நூறு தடவை கத்தறதை விட, அது ஒரு தடவை படிக்கிறது மேல். அதுக்கப்புறமும் கேட்கும். கேட்கட்டும், பிள்ளைதானே. எப்பவாவது ஒரு நாள் தின்னா ஒண்ணும் ஆகாது.

விஞ்ஞானமும் அடுப்படியில் இருக்கு. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு போட்டதும் சிவப்பாகுதே, அது ஏன்னு உங்க பிள்ளை கேட்டிருக்கா? மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பு போட்டாலும் அதே மாதிரி சிவக்கும், எலுமிச்சை பிழிஞ்சா திரும்ப மஞ்சளாகும். சுண்ணாம்பும் சோப்பும் காரம், எலுமிச்சை அமிலம். மேல் வகுப்பில் பாடமா வரும்போது “இதை எங்க அம்மா செஞ்சு காட்டினாங்க”ன்னு பிள்ளை சொல்லும். இட்லி மாவு பொங்கறதையும் பார்க்கச் சொல்லுங்க. பாத்திரத்தின் வெளிப்பக்கம் சாக்பீஸில் ஒரு கோடு, பக்கத்தில் மணி. காலையில் மாவு எங்கே நிக்குதுன்னு இன்னொரு கோடு. சித்திரையிலும் மார்கழியிலும் போட்டுப் பார்த்தா, நம்ம ஊர்க் குளிரில் மாவு ஏன் சோம்பேறித்தனம் பண்ணுதுன்னு அதுவே கண்டுபிடிக்கும்.

பயறு முளைகட்டறது இன்னும் சுலபம். ஒரு டம்ளர் பச்சைப்பயறோ கொள்ளோ ராத்திரி ஊற வெச்சு, காலையில் வடிச்சு, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்க. காய்ஞ்சா தண்ணி தெளிக்கிறதும் அதோட பொறுப்பு. மறுநாள் முளை எட்டிப் பார்க்கும். திரும்ப அளந்தா ரெண்டு டம்ளருக்கு மேல் வரும். காய்ஞ்ச பயறில் இல்லாத வைட்டமின் ‘சி’ முளை விடும்போது உண்டாகுது. சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சையாக் கொடுக்க வேண்டாம், ஆவியில் வேக வெச்சுத் தேங்காய்த் துருவல் போட்டுக் கொடுங்க. தான் தண்ணி ஊத்தி வளர்த்ததைப் பிள்ளை வேண்டாம்னு சொல்றது குறைவு.

குறைவுன்னுதான் சொல்றேன். எல்லாப் பிள்ளையும் மாறிடும்னு பொய் சொல்ல மாட்டேன். எங்க குழுவில் ஒரு பெண் குழந்தை பாகற்காயை மூணு தடவை கழுவி, விதை எடுத்து, உப்புப் போட்டுப் பிசைஞ்சு எல்லாம் செஞ்சுது. சாப்பிடறியான்னா மூணு தடவையும் மாட்டேன்னுடுச்சு. “நான் செய்யறேன், நீங்க சாப்பிடுங்க”ன்னு சொல்லுச்சு. சரின்னு விட்டுட்டாங்க. பாகற்காய் இல்லாட்டி அவரைக்காய்.

சத்து விஷயத்தில் ரெண்டு வார்த்தை மட்டும். 2019-லிருந்து 2021 வரைக்கும் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் அஞ்சு வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் இரத்த சோகைன்னு வந்தது. பெண்களிலும் பாதிக்கு மேல். அதாவது இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் ரெண்டு பேருக்கு ஒருத்தர். இதுக்கு நம்ம வேலி ஓரத்தில் நிக்கிற முருங்கையும், நம்ம மண்ணில் விளையற ராகியும் கொஞ்சமாவது கைகொடுக்கும். நம்ம மாவட்டத்துக்கு ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பிச்சப்போ, அதைக் கோழிக்குப் போட்ட வீடும் எனக்குத் தெரியும். 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கு. அரிசியில் அதில் ரொம்பச் சின்னப் பங்குதான்.

எங்க குழுவில் சனிக்கிழமை செய்யற ராகி அடையைச் சொல்றேன், எழுதிக்கிறவங்க எழுதிக்கலாம். ராகி மாவு 2 டம்ளர், ஆய்ஞ்ச முருங்கைக்கீரை ஒரு டம்ளர் அழுத்தி, சின்ன வெங்காயம் பத்துப் பதினைஞ்சு, பச்சை மிளகாய் பிள்ளைகள் வயசைப் பார்த்து, உப்பு. மூணு வயசுப் பிள்ளை கீரையை உருவும். தரையில் பாதி இருக்கும், பரவாயில்லை, பெருக்கிக்கலாம். ஆறு, ஏழு வயசுப் பிள்ளை வெங்காயம் உரிச்சு, மாவை அளந்து போடும். வெதுவெதுப்பான தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிசையறது பெரிய பிள்ளை. ராகி மாவு கோதுமை மாதிரி இழுபடாது, ஓரத்தில் வெடிக்கும். ஏன்னு கேட்கும். கோதுமையில் பசை மாதிரி ஒரு புரதம் இருக்கு, ராகியில் அது இல்லைன்னு சொல்லலாம். வாழை இலையில் எண்ணெய் தொட்டுத் தட்டறது பிள்ளைகளுக்குத் திருவிழா. வட்டம், சதுரம், இந்தியா மேப் எல்லாம் வரும். கல்லில் போட்டு எடுக்கிறது மட்டும் நாம. தொட்டுக்கத் தக்காளிச் சட்னி, இல்லேன்னா ஒரு துண்டு எலுமிச்சை பிழிஞ்ச வெங்காயம். அது ருசிக்கு மட்டும் இல்லை. கீரையில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கப் புளிப்பில் இருக்கிற வைட்டமின் ‘சி’ உதவி செய்யும். டீ அதையே தடுக்கும். அதனால சாப்பிட்ட கையோட டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். பிள்ளைகளுக்கு டீயே வேண்டாம்னு சொல்வேன். இதுக்கு என் வீட்டிலேயே எதிர்ப்பு இருக்கு.

இந்த அடையை ஒரு பிள்ளை நோட்டில் எழுதி வெச்சது. அவங்க அம்மா அறிவொளி இயக்கத்தில் கையெழுத்து மட்டும் போடக் கத்துக்கிட்டவங்க, குழுவுக்கு வந்த பிறகு தேதியும் தொகையும் எழுதப் பழகினாங்க. மக சமையல் குறிப்பை அம்மாவைச் சொல்லச் சொல்லி எழுதறா. அப்புறம் “படிச்சுப் பாரு, சரியா எழுதியிருக்கேனா?”ன்னு கேட்கறா. எழுத்துக் கூட்டி அவங்க படிக்கிறாங்க. என்ன எழுதியிருக்கும்னு முன்னாடியே தெரியும்கிறதால படிக்கிறது சுலபமா வருது. ‘கொள்ளு ரசம்’ முழுசா ஒரு பக்கம் படிச்ச அன்னைக்கு, அந்த நோட்டைக் குழுக் கூட்டத்துக்கே எடுத்துட்டு வந்துட்டாங்க. 1989-ல் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் முதல் குழுக்கள் ஆரம்பிச்சது. அன்னைக்கு உட்கார்ந்து கணக்கெழுதப் பழகின பெண்களோட பேத்திகள்தான் இந்தப் பிள்ளைகள்.

ஆபத்து பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. குக்கர், கொதிக்கிற எண்ணெய், களி கிண்டற பானை, இது மூணும் பெரியவங்க வேலை. களி மேலே தெறிச்சா ஒட்டிக்கிட்டுச் சுடும், உங்களுக்குத் தெரியும். பாத்திரக் கைப்பிடி அடுப்புக்கு வெளியே நீட்டிட்டு இருக்கக் கூடாது. நைலான் துணி, தொங்கற துப்பட்டா, விரிச்ச தலைமுடி, இதோட அடுப்புப் பக்கம் வரக் கூடாது. அரிவாள்மணை சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். வாழைப்பழம், வெந்த உருளைக்கிழங்கு மாதிரி மெத்துன்னு இருக்கிறதை மொட்டைக் கத்தியால் நறுக்கிப் பழகட்டும். எப்படியும் ஒரு நாள் சுட்டுக்கும். சுட்டா உடனே குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம் காட்டுங்க. இட்லி மாவு, மை, பற்பசை எதையும் தடவாதீங்க. கொப்புளம் பெரிசா இருந்தாலோ முகம், கை மடிப்பில் பட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க.

இப்போ நான் முக்கியமாச் சொல்ல வந்ததுக்கு வர்றேன். ஒரு வீட்டுக் கதை. அவங்க சம்மதத்தோடத்தான் சொல்றேன், பேர் சொல்ல மாட்டேன்.

அந்த அக்கா காலையில் அஞ்சரை மணிக்குக் கம்பெனி வேன் ஏறிடுவாங்க. வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. பெரிய பையன் பத்தாவது, அடுத்தது பொண்ணு ஏழாவது, சின்னவன் மூணாவது. காலையில் சோறாக்கி, குழம்பு வெச்சு, நாலு பேருக்கு டப்பா கட்டறது அந்தப் பன்னெண்டு வயசுப் பொண்ணு. “என் மக எல்லாச் சமையலும் கத்துக்கிட்டா”ன்னு அக்கா பெருமையாச் சொல்வாங்க, நாங்களும் கேட்டுச் சந்தோஷப்படுவோம். ஒரு நாள் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது. அந்த மாசத்தில் 11 நாள் தாமதம், ரெண்டாவது பீரியடில் தூங்குதுன்னு. விசாரிச்சா, அந்தப் பொண்ணு காலையில் சாப்பிடறதே இல்லை. சின்னவன் பள்ளியில் நான் சமைக்கிறதைச் சாப்பிடறான், அது அஞ்சாவது வரைக்கும்தானே. அப்பாவும் அண்ணனும் வீட்டில் சாப்பிட்டுப் போறாங்க. எல்லாருக்கும் கட்டிக் கொடுத்துட்டு, பஸ்ஸுக்கு ஓடற பொண்ணுக்கு மட்டும் வாயில் வைக்க நேரமில்லை. முழங்கைக்குக் கீழே குக்கர் சுட்ட தழும்பு வேற.

இதையும் ‘பிள்ளைக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கிறது’ன்னு சொல்ல முடியுமா? என்ன கத்துக்கிட்டா அவ? அளந்து பார்க்க நேரம் இல்லை, கேள்வி கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. வேகமாச் செய்யக் கத்துக்கிட்டா, அவ்வளவுதான்.

குழுக் கூட்டத்தில் பேசினோம். அந்த அக்கா கேட்டது ஒரே கேள்வி: “நான் ஓவர்டைம் பார்க்கலைன்னா தவணை எப்படிக் கட்டறது?” கொஞ்ச நேரம் யாரும் பேசலை. ஏன்னா அந்தத் தவணை நம்ம குழுக் கடனோட தவணை. அன்னைக்கே உள்கடனை 10 மாசத் தவணையிலிருந்து 15 மாசமா மாத்தினோம். அவங்க ஓவர்டைமை நிறுத்தி ஏழு மணிக்குள்ளே வீடு வந்து ராத்திரியே குழம்பு வைக்கிறதுன்னு முடிவாச்சு. காலையில் சோறு வைக்கிறது யாரு? ஊக்குநரும் நானும் அவங்க வீட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். “ஆம்பள சோறாக்கறதா, ஊர் என்ன பேசும்?”ன்னார். நான் சொன்னேன், “ஏண்ணா, அத்தனை மூட்டை சிமெண்டுக்கும் மணலுக்கும் அளந்து தண்ணி விடத் தெரிஞ்ச கை, ஒரு படி அரிசிக்குத் தண்ணி விடத் தெரியாதா?” அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. முதல் வாரம் சோறு கலவை மாதிரியேதான் இருந்துச்சாம். இப்போ சரியா வருது. டப்பா கட்டறது பெரிய பையன். அடுத்த மாசம் அந்தப் பொண்ணு தாமதமாப் போனது ரெண்டே நாள், ஒரு நாள் பஸ்ஸே வரலை.

அந்தக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஒண்ணு எழுதினோம். எங்க குழு வீடுகளில் பள்ளி நாள் காலையில் எந்தப் பிள்ளையும் அடுப்புக்குப் பொறுப்பில்லை. சமையல் பழகறது வாரத்தில் ஒரு நாள், ரெண்டு நாள், அதிகமாப் போனா முக்கால் மணி நேரம், பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும். பரீட்சை சமயத்தில் அதுவும் வேண்டாம். பையனும் பொண்ணும் ஒண்ணாத்தான் உட்காரணும். பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.

பையன்களைச் சேர்க்கிறதில் நம்ம பெண்களே தயங்கறாங்க. என் மாமியார் வயசு அக்கா ஒருத்தர், “அவன் போற இடத்துல பொண்டாட்டி ஆக்கிப் போடுவா”ன்னாங்க. இன்னைக்குப் பசங்க ஐ.டி.ஐ. முடிச்சுட்டு ஒசூரிலும் திருப்பூரிலும் நாலு பேரா அறை எடுத்துத் தங்கி, மூணு வேளையும் பரோட்டா தின்னு வயித்தைக் கெடுத்துக்கிறாங்களே, அங்கே யார் ஆக்கிப் போடறது? எங்க பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாங்க. பதிமூணு வயசுப் பையன், சனிக்கிழமைகளில் பழகினவன், அப்பா பக்கத்தில் நிக்க, பருப்பும் ரசமும் வெச்சிருக்கான். அவங்க வீடு திரும்பின அன்னைக்கு அவன் வெச்ச ரசத்தைக் குடிச்சுட்டு, உப்பு கொஞ்சம் கம்மின்னு சொன்னாங்களாம். “டாக்டர்தான் உனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னாரு”ன்னானாம் அவன்.

“எனக்கே நேரமில்லை, இதில் பிள்ளையை வேற வெச்சுக்கிட்டுச் சமைக்கணுமா?”ன்னு நீங்க கேட்கறது எனக்குக் கேட்குது. உண்மைதான், பிள்ளை கூட இருந்தா வேலை இழுக்கும். நூறு நாள் வேலைக்கோ களை எடுக்கவோ போற அன்னைக்கு முயற்சி பண்ணாதீங்க. தனியா ஒரு நேரம் ஒதுக்கவும் வேண்டாம். கீரை ஆயறது, பூண்டு உரிக்கிறது, அவரைக்கொட்டை உரிக்கிறது, அரிசியில் கல் பொறுக்கிறது, இதெல்லாம் நாம எப்படியும் உட்கார்ந்து செய்யற வேலை. அந்த நேரத்தில் கையிலிருக்கிற போனைக் கீழே வெச்சுட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிடுங்க. நம்ம கையிலிருக்கிற போனைத்தான் முதல்ல சொல்றேன்.

கூட்டமைப்புச் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வெச்சு, ஒத்துக்கிட்டாங்க. அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ரெண்டு காரியம் செய்யணும். ஒண்ணு, உங்க குழு வீடுகளில் பள்ளி நாள் காலையில் தனியாச் சமைக்கிற பிள்ளை எத்தனைன்னு எண்ணி, எண்ணிக்கை மட்டும் சொல்லணும். பேர் வேண்டாம். ரெண்டாவது, ஒரு பையனோ பொண்ணோ தன் கையால் எழுதின சமையல் குறிப்பு ஒண்ணு, அளவோட. எழுத்துப் பிழை இருந்தா இருக்கட்டும், திருத்தாமல் கொண்டு வாங்க. பரணில் பழைய படி, ஆழாக்கு கிடந்தா அதையும் எடுத்துட்டு வாங்க, எங்க ஊரில் கேட்கிற வீடு நிறைய இருக்கு.